புதுச்சேரி, கடலூர் காலனியக் குடும்பங்கள்: வம்சாவளியைத் தேடிப் பிடிக்கும் முறை

புதுச்சேரிக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகக் குடும்பப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் வராது, வந்தால் நூறு வரும். இங்கே பல வீடுகளில் குடும்பப் பெயருக்கு மூன்று நான்கு தலைமுறைக்கு மேல் வயதில்லை. 1881-க்குப் பிறகு சூட்டிக்கொண்டதாக இருக்கும். பிரெஞ்சுக்காரரின் ரெயூனியன் தீவில் எழுத்தர் எழுதிவிட்டதாக இருக்கும். ஞானத்தகப்பனிடமிருந்து வந்ததாகவோ பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயராகவோ இருக்கலாம். ஆகவே பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர், அடுத்து தேதி, அதற்கடுத்து அந்த மனிதருக்கு அன்றைய அரசாங்கம் தந்திருந்த தகுதி. இந்த மூன்றும் தெரிந்தால் எந்தக் காகிதம் எந்த ஊர் அலமாரியில் இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வீட்டில் கிடப்பது

சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகளில், பென்ஷன் காகிதம் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். அதோடு ‘லிவ்ரே தெ ஃபாமி’ என்ற குடும்பப் புத்தகம், ராணுவப் புத்தகம், குடியுரிமைச் சான்று. குடும்பப் புத்தகம் கணவன் மனைவி இருவரின் பெற்றோர் பெயரையும் தந்துவிடும். ராணுவப் புத்தகத்தில் ஆளின் பதிவு எண்ணும் சேர்ந்த ஆண்டும் இருக்கும். அந்த எண்ணைப் பெயரைவிடப் பத்திரமாகக் குறித்துவையுங்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாத இந்துக் குடும்பங்களில் வேறு சரக்கு கிடைக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தால் ஒரு தலைமுறையின் ஆண் வாரிசுகள் அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். அது நொத்தேர் என்ற பிரெஞ்சுப் பத்திரப் பதிவாளர் முன்னாலோ, தமிழருக்கென்றே இருந்த தபெல்லியோன் என்ற பத்திர எழுத்தர் முன்னாலோ எழுதப்பட்டிருக்கும். எழுதியவரின் பெயரும் தேதியும் தெரிந்தால் மூலப் பிரதியைத் தேட வழி உண்டு. ஜாதகம் இருந்தால் தமிழ் ஆண்டு, மாதம், நட்சத்திரம் கிடைக்கும்.

பெரியவர்களிடம் “கொள்ளுத்தாத்தா பேர் என்ன?” என்று கேட்டால் ‘தெரியலையே’ என்ற பதில்தான் வரும். கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்தது, எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள், ஞானத்தாய் யார், வியட்நாமின் சைகோனிலிருந்து திரும்பி வந்தது யார் யார் என்று கேளுங்கள். பாதி நிரப்பிய வம்ச வரைபடத்தைக் கையில் கொடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. வெற்றுத் தாளைப் பார்த்து வாய் திறக்காதவர்கள்கூட, தப்பாகப் போட்ட பெயரைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

அன்று ஊர் யார் கையில்?

புதுச்சேரியில் 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றியதிலிருந்து 1954 வரை பிரெஞ்சு ஆட்சி தொடர்ந்து இருந்தது என்று நினைத்துக்கொண்டு தேடினால் பாதி வழியில் முட்டி நிற்பீர்கள். 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்து ஊரையே இடித்துத் தள்ளினார்கள், 1765-இல் திரும்பக் கிடைத்தது. 1778-இல் மறுபடி போய் 1785-இல் வந்தது. 1793-இல் மூன்றாம் முறை போனது 1816-இல்தான் முறையாகத் திரும்பியது.

கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் வாங்கினார்கள். 1746-இல் சென்னப்பட்டினம் பிரெஞ்சுக்காரரிடம் போனதும் 1752 வரை கோரமண்டல் கரையில் ஆங்கிலக் கும்பினியின் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார். 1782-இல் கடலூர் இன்னொரு தடவை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத் தேடுங்கள். 1760-இல் புதுச்சேரியில் குழந்தை பெற்ற தம்பதி 1762-இல் காணாமல் போனால் செத்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். டேனியர் கையிலிருந்த தரங்கம்பாடிக்கு ஓடியிருக்கலாம், சென்னைக்குப் போயிருக்கலாம், ஐரோப்பியராக இருந்தால் கைதியாகக் கப்பலேற்றப்பட்டிருக்கலாம். தரங்கம்பாடி 1845 வரை டென்மார்க்கின் வசம் இருந்ததால் அந்த ஊர்க் காலனிய ஆவணங்களுக்குக் கோபன்ஹேகனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் அவர் யார்?

பிரெஞ்சுப் பதிவேடுகள் எல்லாரையும் ஒரே புத்தகத்தில் எழுதவில்லை. ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தவர்களும் ஒரு பக்கம். தொப்பாஸ் என்றும் தொப்பிக்காரர் என்றும் எழுதப்பட்ட கலப்பினக் கிறித்தவர்கள் ஒரு பக்கம். தமிழ்க் கிறித்தவர்கள் வேறொரு கோயிலில். இந்துக்களும் முஸ்லிம்களும் 19-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் கழித்துத்தான் குடிமைப் பதிவுக்குள் ஒழுங்காக வருகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியருக்கு கப்புச்சின் சாமியார்கள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், தமிழ்க் கிறித்தவர்களைச் சேசு சபையினர் பார்த்துக்கொண்டார்கள். 1776-இல் அந்தப் பொறுப்பு பாரிஸ் வேதபோதகச் சபைக்கு வந்தது. ஆகவே ஒரே குடும்பத்தில் தகப்பன் ஒரு கோயில் ஏட்டிலும் தாய் வழி வேறொரு கோயில் ஏட்டிலும் இருப்பது சகஜம்.

தொப்பாஸ் குடும்பங்களில் தெ ரொசாரியோ, தெ சில்வா போன்ற பெயரைப் பார்த்ததும் போர்த்துக்கல் வரை வம்ச மரத்தை நீட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மதம் மாறியவருக்கும், விடுதலை பெற்ற அடிமைக்கும், ஞானத்தகப்பன் பெயரோ எசமான் பெயரோ ஒட்டிக்கொண்டது உண்டு. ‘இன்னாரின் அடிமை’ என்று ஞானஸ்நானப் பதிவிலேயே எழுதியிருப்பார்கள், அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதேபோல் லா ஃப்ளேர், லா வியொலெத் மாதிரிப் பூப்பெயர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுச் சிப்பாய்களின் பட்டாளப் பெயர்கள். ‘தி’ என்ற சிறு சொல்லுக்கு முன்னால் நிற்பதுதான் உண்மைக் குடும்பப் பெயர், பின்னால் வருவது பட்டாளப் பெயர். பிள்ளைகள் காலத்தில் முன்னது உதிர்ந்து பின்னது நிலைத்துவிடும்.

1881 செப்டம்பர் 21 ஆணை இன்னொரு கதவு. தம் சாதி, மத வழக்குச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர விரும்பிய இந்தியர், எழுத்து மூலம் துறப்புச் செய்து ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவர்கள்தான் ரெனோன்சான். முன்னின்று துறந்த பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லா போர்த்’ ஆனார். குடும்பத்தலைவர் துறந்தால் வயது வராத பிள்ளைகளுக்கும் அது சேரும். வயது வந்த அண்ணன் தம்பிகள் தனித்தனியே துறந்தார்கள், தனித்தனியே பெயர் எடுத்தார்கள். உடன்பிறந்த மூவருக்கு மூன்று குடும்பப் பெயர் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. துறப்புகள் காலனியின் அரசிதழான ‘மொனித்தர்’ இதழில் வெளியாயின. பழைய பெயர், தகப்பன் பெயர், புதுப்பெயர் ஆகியவற்றை இணைக்கும் பாலம் அதுதான். அதைக் கண்டுபிடிக்காமல் 1881-க்கு முன்னால் போக முயன்றால் வேறு யாருடைய தாத்தாவையோ வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவீர்கள். 1884-இலிருந்து ரெனோன்சான்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் இருந்ததும் இங்கே உதவும்.

எக்ஸ் காப்பகத்தின் ஏடுகள்

1776 ஜூன் மாத அரசாணைப்படி, காலனிகளின் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். கரையானும் புயலும் முற்றுகையும் இங்கே தின்றது போக, அங்கே போன பிரதி தப்பியது. இப்போது அது தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புதுச்சேரி ஏடுகளின் படங்களை அதன் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் தனித்தனியே உண்டு. 1776-க்கு முந்திய ஏடுகள் பல, பின்னர் உட்கார்ந்து நகலெடுத்தவை. நகலெடுத்தவர் தமிழ் அறியாதவராக இருந்தால் பெயர்கள் எப்படி ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தளத்தில் ஆளின் பெயரைத் தட்டினால் பதிவு வராது. காலனி, ஊர், ஆண்டு என்று தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பல ஆண்டுகளின் ஏட்டுக்கு இறுதியில் அகரவரிசைப் பட்டியல் இருக்கும், பத்தாண்டுக்கு ஒரு தொகுப்புப் பட்டியலும் இருக்கும். முதலில் பத்தாண்டுப் பட்டியல், பிறகு ஆண்டுக் கடைசிப் பட்டியல், பிறகு பதிவு என்ற வரிசையில் போனால் நேரம் மிச்சமாகும். பட்டியலில் இல்லை என்பதால் பதிவே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. பட்டியல் போட்டவருக்குக் கண் தப்பியிருக்கும்.

கல்யாணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். பிறப்புப் பதிவு ஒரு தலைமுறையைத் தரும், கல்யாணப் பதிவு இரண்டு குடும்பத்தைத் தரும். மணமக்களின் வயது, பிறந்த ஊர், நான்கு பெற்றோரின் பெயர், தொழில், சாட்சிகள் எல்லாம் அதில் உண்டு. பெற்றோர் பெயருக்கு முன் ‘ஃபே’ என்று இருந்தால் அவர் அதற்குள் இறந்துவிட்டார். உடனே மரணப் பதிவைத் தேட ஒரு எல்லை கிடைத்துவிடுகிறது. கல்யாணப் பதிவு கிடைக்கவில்லையா? மூத்த பிள்ளையின் பிறப்பைப் பிடித்து, அதிலிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டு புரட்டுங்கள். சொன்ன வயதை நம்பி ஒரே ஆண்டில் தேட வேண்டாம், முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டு விடுங்கள். மரணப் பதிவில் உள்ள வயது இன்னும் மோசம், பக்கத்து வீட்டுக்காரர் மதிப்பிட்டுச் சொன்னதாக இருக்கும்.

பிரெஞ்சு முறையில் ஒரு பெரிய வசதி உண்டு. பெண் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகிறாள், ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் விதவை’ என்பது கூட வரும். ஆங்கிலப் பதிவில் கல்யாணமான மறுநாளே அவள் பிறந்த வீடு மறைந்துவிடும். ஆண் வழி முட்டிக்கொண்டால் பெண் வழியைப் பிடித்துப் போவது புதுச்சேரியில் பலன் தரும், கடலூரில் சிரமம்.

கத்தோலிக்கக் கல்யாணப் பதிவில், நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கத் திருச்சபை விலக்கு அளித்த குறிப்பு இருந்தால் அதைப் பொன்போல் எடுத்துவையுங்கள். ‘இரண்டாம் படி உறவு’ என்றால் மணமக்களின் பெற்றோரில் இருவர் உடன்பிறந்தவர்கள், அதாவது தாத்தா பாட்டி பொது. மூன்றாம் படி என்றால் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொது. பெயரே எழுதாமல் ஒரு தலைமுறையைக் காட்டிக்கொடுக்கும் வரி இது. சின்ன சமூகமான கிரியோல் குடும்பங்களிலும் (இங்கேயே பிறந்த ஐரோப்பிய வழியினர்), மாமன் மகள் அத்தை மகன் என்று கட்டிக்கொண்ட தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களிலும் இது அடிக்கடி வரும்.

தேதிகளில் உள்ள பொறி

எண் 7 போட்டு மேலே பொடி எழுத்தில் மாதக் குறியீடு இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். இலத்தீனில் செப்டம் என்றால் ஏழு, அந்தக் கணக்கு. புதிதாகத் தேடுகிறவர்கள் போடும் மரங்களில் குழந்தை பிறந்த பிறகு கல்யாணம் நடந்ததாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆனால் 1752 வரை இரண்டு ஊருக்கும் நாள்காட்டியே வேறு. பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன், ஆங்கிலேயர் பழைய ஜூலியன். 18-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். போதாக்குறைக்கு ஆங்கிலேயருக்கு அப்போது புத்தாண்டு மார்ச் 25. செயின்ட் டேவிட் கோட்டை ஏட்டில் 1740 பிப்ரவரி 10 என்றால் புதுச்சேரியில் அது 1741 பிப்ரவரி 21. இரண்டு ஊரிலும் கால் வைத்த குடும்பம் என்றால், மாற்றிய தேதியோடு ஏட்டில் உள்ள மூலத் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

தமிழ்ப் பத்திரம், ஜாதகம், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இவற்றில் அறுபதாண்டுச் சுற்று. பிரபவ ஆண்டு தொடங்குவது 1747, 1807, 1867, 1927, 1987. அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். எந்தச் சுற்று என்று தாளும் ஆட்களும்தான் சொல்ல வேண்டும். மொரீஷியஸ், ரெயூனியன் பக்கம் போனால் பிரெஞ்சுக் குடியரசு நாள்காட்டியும் குறுக்கே வரும். அதன் முதல் ஆண்டு 1792 செப்டம்பர் 22-இல் தொடங்கியது. ஏட்டில் உள்ள ஆண்டோடு 1791-ஐக் கூட்டினால் அந்த ஆண்டு எந்தச் செப்டம்பரில் தொடங்குகிறது என்று தெரியும். எட்டாம் ஆண்டு 1799 செப்டம்பரில் தொடங்கும்.

எழுத்தர் காதில் விழுந்த தமிழ்

ஒரே ஆள் வீட்டில் ராயப்பன், கோயில் ஏட்டில் இலத்தீனில் பெத்ருஸ், குடிமைப் பதிவில் பியேர். சின்னப்பன் பாவுலுஸாகவும் போலாகவும் வருவார். அருளப்பன் யோவான்னெஸ், ழான். யாகப்பன் யாக்கோபுஸ், ழாக். முடியப்பன் ஸ்தேபானுஸ், எத்தியேன். சூசை யோசேபுஸ், ழொசேஃப். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மூன்று ஏட்டையும் ஒப்பிட முடியாது.

இந்துப் பெயர்களில் சிக்கல் எழுத்துக்கூட்டல். உகர ஒலிக்குப் பிரெஞ்சில் ஓ, யு என இரண்டெழுத்து, ஆங்கிலத்தில் பெரும்பாலும் யு ஒன்றே. சுப்பராயன் இரு பட்டியலிலும் எஸ் வரிசையில்தான் இருப்பார், ஆனால் வேறு வேறு பக்கத்தில். முத்துவும் குப்புசாமியும் அப்படித்தான். ‘ன்’ என்று முடியும் பெயர்கள் ஈ-என் என்று முடியும். ழகரம் லகரமாகும்: உழவர்கரை பிரெஞ்சு ஏட்டில் ‘உல்கரே’. பிள்ளை என்பதை ஜனங்கள் ‘புள்ள’ என்று சொன்னதால் எழுத்தர் ‘புல்லே’ என்று எழுதினார், ரெயூனியனில் இன்றும் அந்த முடிவுள்ள குடும்பப் பெயர்கள் உண்டு. நல்ல வழி ஒன்று: பதிவில் உள்ளதைப் பிரெஞ்சுக்காரர் போல வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத தமிழ்ப் பெயர் காதுக்குத் தெரியும்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயரில் அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒரு குழந்தை செத்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பதும் வழக்கம். பிறப்புப் பதிவு கிடைத்ததும் அடுத்த ஐந்தாண்டு மரணப் பதிவுகளைப் பார்த்து, அந்தக் குழந்தை பிழைத்ததா என்று உறுதி செய்துகொண்டு மேலே போங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் இறந்த குழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள்.

கடலூர் வழி

ஆங்கிலக் குடும்பமென்றால், சென்னை மாகாணப் பாதிரியார்கள் லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698-இலிருந்து உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் என்-2 வரிசை. வங்காளம் என்-1, பம்பாய் என்-3. உயில்கள் எல்-ஏ-ஜி-34-29 வரிசையில், சொத்து விவரங்கள் எல்-ஏ-ஜி-34-27 வரிசையில். உயிலை முதலில் பாருங்கள். கோயிலில் கல்யாணம் பண்ணாமல் கூட வாழ்ந்த தமிழ்ப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் பெயரோடு வருகிற இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

கடலூரில் 1737-இல் தொடங்கிய புராட்டஸ்டன்ட் மிஷன் ஜெர்மானியப் பாதிரியார்கள் கையில் இருந்தது. அவர்களின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியில் ஹாலே நகரின் ஃபிராங்கே அறநிலையத்தில் இருக்கின்றன. அந்த மிஷன் பாதிரியார் கியெர்னாண்டர் 1740-இலிருந்து இங்கே இருந்து, 1758-இல் பிரெஞ்சுக்காரர் வந்ததும் கல்கத்தாவுக்குப் போனவர். அவரோடு பழகிய குடும்பங்களை வங்காள ஏட்டிலும் தேடுவது வீணாகாது. கத்தோலிக்கர் என்றால் மாநில எல்லையை மறந்துவிடுங்கள். கடலூரும் புதுச்சேரியும் ஒரே உயர் மறைமாவட்டம். மாவட்ட நிர்வாக ஆவணங்களுக்கு, பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கோப்புகளுக்கு, எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கடல் தாண்டியவர்கள்

18-ஆம் நூற்றாண்டிலேயே கைவினைஞர்களும் அடிமைகளும் மொரீஷியஸுக்குப் போனார்கள். 1735-இல் லா பூர்தொனே அங்கே கவர்னரான பிறகு போர்ட் லூயிஸைக் கட்டப் போனவர்களில் புதுச்சேரிக்காரர் உண்டு. 1810 வரை அந்தத் தீவின் பதிவேடுகளும் எக்ஸ் தளத்திலேயே இருக்கின்றன.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கதை வேறு. கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மர்த்தினீக்குக்கு முதல் கப்பல் ‘ஒரேலி’ 1853 மே மாதம் போய்ச் சேர்ந்தது, அதே கப்பல் 1854 டிசம்பரில் பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. 1861-ஆம் ஆண்டின் பிரெஞ்சு–பிரிட்டிஷ் உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேய மாவட்டங்களிலிருந்தும் சட்டப்படி ஆள் சேர்த்தார்கள். ஆகவே காகிதத்தில் ‘புதுச்சேரி’ என்று இருந்தால் அது கப்பலேறிய துறையாக மட்டும் இருக்கலாம். ஆள் தஞ்சாவூரோ சேலமோ விருத்தாசலம் பக்கமோ. தீவுகளின் குடியேறிகள் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ‘மத்ரிக்யூல்’ என்ற எண் உண்டு. பெயர் எத்தனை விதமாகத் திரிந்தாலும் அந்த எண் பிள்ளைகளின் பிறப்புப் பதிவில், ஒப்பந்தப் புதுப்பித்தலில், மரணத்தில் கூடவே வரும். எண்ணைப் பிடித்துப் பதிவேட்டுக்குப் போனால் கப்பல் பெயர், வந்த தேதி, தகப்பன் பெயர், சில ஏடுகளில் சொந்த கிராமமும் கிடைக்கும். அங்கே குடும்பப் பெயர் என்பது வந்த ஆளின் சொந்தப் பெயர். ராமசாமி என்ற குடும்பப் பெயரோடு ஒருவர் தீவிலிருந்து வந்து கேட்டால், இங்கே ராமசாமி குடும்பத்தைத் தேடக்கூடாது, ராமசாமி என்ற ஒரு மனிதரைத் தேட வேண்டும்.

சைகோனுக்குப் போனவர்கள் அதிகமும் ரெனோன்சான்கள்: எழுத்தர், காவலர், வரி வசூலிப்பவர், சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் சைகோனின் குடிமைப் பதிவில் இருப்பார்கள், அதுவும் எக்ஸில். அதைவிட வேகமான வழி ஆண்டு மலர் எனப்படும் அரசாங்க ‘அன்யுவேர்’ புத்தகங்கள். எந்த ஆண்டு எந்த இலாகாவில் யார் வேலை பார்த்தார் என்று பட்டியல் இருக்கும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் ‘கலிக்கா’ தளத்தில் புதுச்சேரிக்கும் இந்தோசீனாவுக்கும் இவை கிடைக்கின்றன. ஆளை ஆண்டுவாரியாகப் பின்தொடர்ந்தால் எந்த ஆண்டில் மாற்றலானார், எப்போது ஓய்வு பெற்றார் என்று தெரியும். பிறகு பதிவேட்டில் எந்த ஊரைத் திறப்பது என்பதில் குழப்பமில்லை.

ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்த முதல் ஆளைப் பிடிக்க, பிரெஞ்சுக் கும்பினிக் கப்பல்களின் பணியாளர், பயணிகள் பட்டியல்கள் பிரான்சின் துறைமுக நகரான லோரியானில் இருக்கின்றன. பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தே ஓம்’ தளத்தில் பார்க்கலாம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட புதுச்சேரிச் சொல்தாக்களின் அட்டையும் அதே தளத்தில்தான்.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. ஆனால் 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர் தானாக இந்தியரானார், ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தவர் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். இங்கே பிறந்து மூன்றாவது நாடு ஒன்றில், உதாரணமாக சைகோனில், குடியிருந்தவர் தானாகவே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஒரே வீடு பிரிந்த காரணம் பல குடும்பங்களில் இதுதான். அந்த ஆறு மாதக் காலத்துக் காகிதங்கள், 1962 ஆகஸ்ட் முதல் 1963 பிப்ரவரி வரையிலானவை, பிறப்புப் பதிவின் முழு நகலோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் தேடுங்கள்.

உள்ளூர் அலுவலகமும் நாந்தும்

பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, கல்யாணப் பதிவுகள் 75 ஆண்டு கழிந்தால்தான் எல்லாருக்கும் திறக்கும். மரணப் பதிவுக்கு அந்தத் தடையில்லை. அதற்குள் உள்ளவற்றுக்கு, ஆள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், பிரான்சின் நாந்த் நகரில் உள்ள மத்தியக் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியே எழுதலாம், கட்டணம் இல்லை. பெயர், பிறந்த தேதி, ஊர், பெற்றோர் பெயர், உங்களுக்கு என்ன உறவு என்பதையெல்லாம் எழுத வேண்டும். கேட்கும்போது ‘முழு நகல்’ என்று கேளுங்கள், சுருக்கம் போதாது. பிறப்புப் பதிவின் ஓரக் குறிப்பில் கல்யாணத் தேதியும் ஊரும் இருக்கும், 1897-க்குப் பிந்திய கல்யாணங்களுக்கு இது வழக்கமானது. ஒரு குறிப்பு அடுத்த ஊரைக் காட்டிவிடும்.

உள்ளூரில் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவு ஏடுகளைக் கம்யூன்வாரியாக, அதாவது பிரெஞ்சுக் கால உள்ளாட்சிப் பிரிவுவாரியாக, வைத்திருக்கும். 1880-இல் அமைந்த கம்யூன் எல்லைகள் பின்னர் மாறியதால், முத்தியால்பேட்டையில் பிறந்தார் என்று வீட்டில் சொன்னால் புதுச்சேரி, உழவர்கரை இரண்டு ஏட்டையும் கேளுங்கள். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது, பிரெஞ்சு நிர்வாகக் கோப்புகள் அங்கே. ஆய்வு நோக்கத்தைக் குறிப்பிட்ட கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். கோயில்களில் பங்குத் தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், பூசை நாளிலும் திருவிழா வாரத்திலும் போய் நிற்காதீர்கள். சம்பா கோயில் ஏட்டில் இல்லாதது கப்ஸ் கோயில் ஏட்டில் இருக்கலாம். அது கப்புச்சின் சாமியார்கள் வழிவந்த கோயில், எந்தச் சமூகம் எங்கே போனது என்ற மேலே சொன்ன கணக்குதான். உப்பளம் கல்லறையில் கல்லைப் படம் எடுக்கும்போது காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயிலில் எடுங்கள், தேய்ந்த எழுத்து நிழலில் எழும். சுண்ணாம்பு, அமிலம், கம்பித் தூரிகை எதையும் கல்லில் வைக்கக் கூடாது.

எழுதி வைக்கும் முறை

பிரெஞ்சுக் குடும்ப ஆய்வாளர்கள் ‘சொசா’ எண் முறையைப் பயன்படுத்துகிறார்கள். தேடுகிறவர் 1. எவர் எண்ணையும் இரட்டித்தால் தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். 5-ஆம் எண்ணின் தகப்பன் 10, தாய் 11. ஏழு தலைமுறைக்கு மொத்தம் 127 இடம், ஏறக்குறைய இருநூறு ஆண்டு. அக்காள் மகளைக் கட்டிய வீடுகளில் ஒரே தம்பதி இரண்டு எண்ணில் வருவார்கள். அப்போது சிறிய எண்ணில் விவரம் எழுதி, பெரிய எண்ணில் ‘பார்க்க’ என்று போடுங்கள். இப்படித் தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்திருந்தால் அந்தத் தம்பதி இரண்டு வெவ்வேறு தலைமுறை வரிசையில் நிற்பார்கள், அதைப் பிழையென்று நினைத்துத் திருத்த வேண்டாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் காப்பகம், ஊர், ஆண்டு, ஏட்டின் வகை, பதிவு எண், படத்தின் எண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். தளத்தின் முகவரியை மட்டும் ஒட்டி வைத்தால் தளம் மாறும் நாளில் எல்லாம் போகும். பெயரை ஏட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே ஒரு முறை, நீங்கள் ஊகிக்கும் தமிழ்ப் பெயரில் ஒரு முறை என இரண்டு கட்டத்தில் எழுதுங்கள். இன்னார் இன்னாரின் மகன் என்று உறுதியாகப் போட குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணம் வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டு, சாட்சிகளும் ஞானப்பெற்றோரும் யார் என்று பார்க்கத் தொடங்குங்கள்.